கைமணிக்கூட்டின் கணக்கு யாருக்கு?



இந்த மண்டபத்தில் எத்தனையோ கைகளில் மின்னுகிற மணிக்கூடு இருக்கிறது. பிள்ளைகள் வாங்கித் தந்திருப்பார்கள். "அப்பா, இண்டைக்கு எவ்வளவு நடந்தனீங்கள்?" என்று இரவில் விசாரிப்பார்கள். நல்லதுதான். சீனி வருத்தமும் பிரஷரும் பரம்பரைச் சொத்தாக வந்த நமக்கு நடை வேண்டும். ஆனால், அந்த மணிக்கூடு எழுதுகிற கணக்கு எங்கே போகிறது?

இதை நமது நகரத்திலேயே ஆராய்ந்திருக்கிறார்கள். 2016 பெப்ரவரியில் ஓப்பன் எஃபெக்ட் என்ற அமைப்பும் ரொறன்ரோப் பல்கலைக்கழகத்தின் சிட்டிசன் லாப் ஆய்வகமும் கையில் கட்டும் இப்படியான எட்டுக் கருவிகளைச் சோதித்து அறிக்கை வெளியிட்டன. இவை புளூடூத் வழியே தம் அடையாள எண்ணைக் காற்றில் கூவிக்கொண்டே இருப்பவை. எட்டில் ஏழு, அந்த எண்ணை மாற்றவே இல்லை; ஆப்பிள் மணிக்கூடு ஒன்றுதான் மாற்றியது. எண் மாறாவிட்டால் என்ன? கடை வாசலில் சிறியதொரு கருவியை வைத்து அந்த எண்ணைப் பிடிப்பவருக்கு, நேற்று வந்தவரே இன்றும் வந்தார் என்பது தெரிந்துவிடும். வேடிக்கை இன்னொன்று: சில கருவிகளில் நடக்காத நடையையும் ஆய்வாளர்களால் கணக்கில் ஏற்ற முடிந்தது!

இப்படிப்பட்ட கணக்கைத்தான் 2014இல் கல்கரியில், விபத்தில் காயப்பட்ட ஒரு பெண்ணுக்காக அவருடைய சட்டத்தரணிகள் சான்றாக எடுத்தார்கள். அங்கே அது அவருக்குத் துணை. எதிர்த்தரப்பு கேட்டால்? காப்புறுதிக்காரருக்கும் இந்தக் கணக்கில் அக்கறை உண்டு. ரொறன்ரோவைத் தலைமையிடமாகக் கொண்ட மனுலைஃப், உடற்பயிற்சிக்குச் சலுகை தரும் ஆயுள் காப்புறுதியை 2016இல் கனடாவில் அறிவித்தது. விரும்பியவர் சேரலாம். சேராதவருக்குச் சலுகை இல்லை. காப்புறுதி முகவர்கள் பலர் முன்வரிசையில் இருக்கிறீர்கள், கோபிக்க வேண்டாம். கம்பனியே கைமாறுவதும் உண்டு: இத்தகைய மணிக்கூடுகள் செய்யும் ஃபிட்பிட், 2021 ஜனவரியில் கூகிளின் கைக்குப் போனது. கட்டியிருந்தவர்களிடம் யார் சம்மதம் கேட்டார்?

வைத்தியரின் கோப்பிலுள்ள இதயத்துடிப்பை ஒன்ராறியோவின் 2004ஆம் ஆண்டுச் சுகாதாரத் தகவல் சட்டம் காக்கிறது. மணிக்கூட்டுக் கம்பனியிடமுள்ள அதே துடிப்புக்கு அந்தக் காவல் இல்லை. அதற்கு 2000ஆம் ஆண்டின் கூட்டாட்சித் தனியுரிமைச் சட்டம்தான். அதைப் புதுப்பிக்க வந்த சி-27 சட்டமூலம் 2025 ஜனவரியில் நாடாளுமன்ற அமர்வு முடிக்கப்பட்டதோடு காலாவதியாயிற்று. வெட்கக்கேடு.

ஆயினும் அந்தப் பழைய சட்டத்தில் ஒரு வழி உண்டு. உங்களைப் பற்றி வைத்திருப்பதைக் காட்டும்படி எழுத்தில் கேட்டால், கம்பனி பொதுவாக 30 நாளுக்குள் பதில் சொல்ல வேண்டும். மறுத்தால் தனியுரிமை ஆணையாளரிடம் முறையிடலாம், கட்டணம் இல்லை.

இளையோரே, அம்மாவின் கையில் மணிக்கூட்டைக் கட்டுமுன் செயலியைத் திறந்து, தேவையற்ற பகிர்வுகளை நிறுத்துங்கள். பிறகு அவர் பெயரில் கம்பனிக்கு எழுதுங்கள்: "என்னைப் பற்றி என்ன வைத்திருக்கிறீர்கள், யாருக்குக் கொடுத்தீர்கள்?" ஆங்கிலம் வராத பெற்றோருக்கு நீங்களே தட்டச்சு செய்து கொடுங்கள். இன்றிரவே செய்யுங்கள்.