நெடுவழி லாரியும் நேரக் கணக்கும்

மாணவர்களே, அமெரிக்காவின் பெரிய சரக்கு நிறுவனங்களில் புதிதாய்ச் சேரும் லாரி ஓட்டுநருக்குப் பெரும்பாலும் மைல் கணக்கில்தான் ஊதியம். ஆகவே விரைந்தோடுபவனே பிழைப்பான் என்று எண்ணுவீர்கள். கணக்காசிரியனாக இருந்த நான் அதனை ஒப்புக்கொள்ளேன்.

அந்நாட்டுச் சட்டப்படி, தொடர்ந்து 10 மணி நேரம் ஓய்ந்த பின்னரே பணி தொடங்கலாம். தொடங்கிய 14 மணி நேரத்திற்குள் 11 மணி நேரமே ஓட்டலாம். சரக்கேற்றுமிடத்தில் வீணே காத்து நின்றாலும் பொதுவாக அக்கடிகாரம் நிற்பதில்லை. காலை 5 மணிக்குத் தொடங்கியவன் மாலை 7 மணிக்குள் வண்டியை நிறுத்தியாக வேண்டும். அந்நேரத்திலோ சாலையோர நிறுத்துமிடங்கள் நிரம்பத் தொடங்கிவிடும். எனவே, இரவு தங்குமிடத்தைக் காலையிலேயே கணித்துக்கொள்பவன்தான் அதிக மைல் ஓடுகிறான். பள்ளியில் நாம் வெறுத்த காலமும் தூரமும் கணக்குத்தான் இது!

பின்னோக்கிச் செலுத்துவது இன்னும் கடினம். 53 அடி நீளச் சரக்குப் பெட்டி வளைகையில் ஒரு பக்கம் கண்ணாடியில் அறவே மறைந்துவிடும். இறங்கிப் பார்க்க ஒரு நிமிடம் ஆகும், காத்திருப்போர் ஒலியெழுப்புவர். எழுப்பட்டுமே! வெட்கப்பட்டு இறங்காதவன் பின்னால் நிற்கும் ஆளையே மோதிவிடக்கூடும். முதலாண்டிலேயே விபத்துக் குறிப்பேறியவனை ஏற்கப் பிற நிறுவனங்களும் தயங்கும். பயிற்றுநர் உடனிருக்கும் சில வாரங்களிலேயே இப்பழக்கம் படிந்துவிட வேண்டும். பிறகு நினைவூட்ட அருகில் ஆளில்லை.