கடன் மாற்றுதலும் கடன் தீர்த்தலும்
(றொசல்லயில் நடைபெற்ற ஆண்டுக் கூட்டத்தில் நிகழ்த்திய சொற்பொழிவு)



நம் தோட்டங்களிலிருந்து கொழும்புக்கும் கண்டிக்கும் வேலைக்குச் சென்ற பிள்ளைகள் பலரிடம் இன்று கடனட்டை இருக்கிறது. தங்கையின் கலியாணத்துக்கும் தகப்பனாரின் வைத்தியத்துக்கும் அதுவே கைகொடுக்கிறது. பின்னர் வட்டி ஏறுகிறது. அவ்வேளையில் வேறொரு வங்கி, "உமது கடனை எம் அட்டைக்கு மாற்றும், குறைந்த வட்டி" என்று அழைக்கிறது. மாற்றலாமா, கூடாதா என்பதே இன்று நாம் ஆராயும் விஷயம்.

கடனை இடம் மாற்றுவது மலைநாட்டுக்குப் புதிதன்று. நம் முன்னோர் காலத்தில் 'துண்டு' என்றொரு முறை இருந்தது. இன்ன தொகையைக் கட்டினால் இந்த ஆட்களை விடுவிப்போம் என்று தோட்டத்துத் துரை கங்காணியிடம் எழுதிக் கொடுத்த சீட்டே துண்டு. கங்காணி அதை எடுத்துக்கொண்டு ஆள் தேவைப்பட்ட வேறு தோட்டத்துக்குப் போவார். புதிய தோட்டம் பழைய கடனைக் கட்டும். பல வேளைகளில் மேலும் முன்பணம் கொடுக்கும். தோட்டம் மாறியது, கடன் தீரவில்லை, வளர்ந்தது. 1921ஆம் ஆண்டுச் சட்டமே துண்டு முறையை ஒழித்தது.

இன்றைய அட்டை மாற்றமும் அப்படித்தானா? அன்று. அன்று தொழிலாளிக்குக் கணக்குத் தெரியாது, கேட்கவும் வழியில்லை. இன்று கணக்கு நம் கையில் இருக்கிறது. ஆகவே கணக்குப் பார்ப்போம்.

ஒருவருக்கு 1,20,000 ரூபா கடன். வட்டி ஆண்டுக்கு 24 வீதம், அதாவது மாதம் 2 வீதம் என்று வைத்துக்கொள்வோம். மாதம் 10,000 ரூபா முதலும் அதனுடன் வட்டியும் கட்டினால் பன்னிரண்டு மாதத்தில் கடன் தீரும். மொத்த வட்டி 15,600 ரூபா. புதிய அட்டையில் வட்டி 12 வீதம். மாற்றுக் கட்டணம் 3 வீதம் என்க. வட்டி 7,800, கட்டணம் 3,600. ஆக 11,400 ரூபா. 4,200 ரூபா மிச்சம். மாற்றுவது நன்று.

ஆனால் அவருக்குச் சீட்டுப் பணம் வரவிருக்கிறது. மூன்றே மாதத்தில், மாதம் 40,000 ரூபாவாகக் கட்ட முடியும் என்றால்? பழைய அட்டையில் வட்டி 4,800 ரூபாதான். புதியதில் வட்டி 2,400, கட்டணம் 3,600; ஆக 6,000 ரூபா. மாற்றியதனால் 1,200 ரூபா நட்டம்! வட்டி நாளோடு குறையும். கட்டணமோ முதல் நாளே முழுதாக விழும். விரைவில் தீர்ப்பவருக்கு மாற்றம் வேண்டாம்.

இன்னொன்றையும் கவனியுங்கள். அந்த 12 வீதம் குறைந்துவரும் மீதிக்கா, முதலில் இருந்த முழுத் தொகைக்கா? முழுத் தொகைக்கென்றால் ஆண்டு வட்டி 14,400 ரூபா. இது மீதிக்கு 22 வீதம் வட்டி போட்டதற்கு ஏறக்குறையச் சமம். கட்டணத்தையும் சேர்த்தால் 18,000 ரூபா ஆகிவிடும். பழைய அட்டையே மேல்.

எனவே கையெழுத்திடுமுன் வங்கியில் கேட்க வேண்டியவை இவை: வட்டி எந்தத் தொகைக்கு? கட்டணம் எவ்வளவு? குறைந்த வட்டி எத்தனை மாதத்துக்கு, அதன்பின் என்ன வட்டி? ஒரு தவணை தவறினால் என்ன ஆகும்? புதிதாக வாங்கும் பொருளுக்கு எந்த வட்டி? விடையைத் தமிழில், எழுத்தில் கேளுங்கள். கேட்பதில் வெட்கமில்லை.

அன்பர்களே! இந்தக் கணக்கெல்லாம் சரியாக இருந்தும் குடும்பங்கள் விழுவது ஓரிடத்தில்தான். கடன் மாறியதும் பழைய அட்டை வெறுமையாகிறது. வெறுமையான அட்டை கையில் காசு இருப்பதுபோல் தோன்றும். பண்டிகை வரும், அட்டை மறுபடி வெளியே வரும். ஆறு மாதத்தில் ஒரு கடன் இரண்டாகும். இதுவே நம் காலத்துத் துண்டு. அதை எழுதிக் கொடுக்கத் துரை வேண்டியதில்லை, நாமே எழுதிக்கொள்கிறோம்.

ஆகையால் கடனை மாற்றுகிறவர் அன்றே பழைய அட்டையை வங்கியில் ஒப்படைத்து, கணக்கை மூடிவிட வேண்டும். சம்பளம் வரும் நாளிலேயே தவணை போகும்படி செய்ய வேண்டும். குறைந்தபட்சத் தொகையை மாத்திரம் கட்டிக் காலம் தள்ளலாகாது. வீட்டாரிடமும் கடனை மறைக்காமல் சொல்ல வேண்டும். மறைத்த கடனுக்குத் துணை நிற்பார் இல்லை.

ஆற்றிலே போட்டாலும் அளந்து போடு என்பது நம்மவர் வாக்கு. கடனை மாற்றினாலும் அளந்து மாற்றுவோம், மாற்றியதைத் தீர்ப்போம்.