விரலில் தொடங்கிய கணினிப் பாடம்



நம் சங்கத்தின் மாலைநேரக் கணினி வகுப்பைப் பற்றிப் பேசுமாறு எங்களைப் பணித்தீர்கள். நாங்கள் செய்த பிழையிலிருந்தே தொடங்குகிறோம்.

முதலாண்டில் மாணவரைக் கணினியின் முன் அமர்த்தி, ஆங்கிலக் கட்டளைகளை ஒப்புவிக்கச் செய்தோம். தம் குடும்பத்தில் முதன்முதலாகக் கல்லூரி வாயிலை மிதித்த அப்பிள்ளைகள் வாய் திறக்கவில்லை. ஐயம் கேட்டால், "இவர்களுக்கு இதெல்லாம் வராது" என்னும் பழைய ஏச்சு மீண்டும் எழுமே என்ற அச்சம். சில வாரங்களில் இருக்கைகள் பல காலியாயின.

மறு ஆண்டு, முதல் மாதம் முழுவதும் கணினியை மூடியே வைத்தோம். ஒரு கை விரல்களால் எதுவரை எண்ணலாம் என்று கேட்டோம். ஐந்து என்றனர். கட்டைவிரலுக்கு 1, அடுத்தடுத்த விரல்களுக்கு 2, 4, 8, 16 என மதிப்பளித்து, நீட்டிய விரல்களை மட்டும் கூட்டச் சொன்னோம். 31 வரை எண்ணினர். இரு கைகளாலும்? பலரும் 62 என்றனர். பகலில் சித்தாள் வேலை பார்த்துவிட்டு மாலையில் வரும் தங்கை ஒருவர் மட்டும் மறுத்தார். "அடுத்த கையின் முதல் விரல் 32 அல்லவா?" என்று கேட்டு, கூட்டிப் பார்த்து, 1,023 என்றார். அன்றுதான் அவ்வறையில் வாதம் எழுந்தது. எங்களுக்கு உயிர் வந்தது.

விரலின் நீட்டலும் மடக்கலும் போன்ற இரு நிலைகளைக் கொண்டே கணினி அனைத்தையும் குறிக்கிறது. எழுத்தும் அதற்கு எண்தான். ஒருங்குறியில் ஆங்கில 'ஏ' 65. நம் 'அ' 2949. நிரல் எழுத ஆங்கிலச் சொற்கள் தேவைப்படுவது உண்மையே. ஆயினும் பைத்தான் மொழியில் ஒதுக்கப்பட்ட சொற்கள் நாற்பதுக்கும் குறைவு. அவற்றின் பொருளைத் தமிழில் விளக்கிய பின்பு மனப்பாடம் தேவைப்படவில்லை.

தட்டச்சு செய்யக் கற்பித்து, "உங்களுக்கு இது போதும்" என்று அனுப்பிவைப்போர் உளர். எது போதும் என்பதை அளந்து சொல்ல அவர்கள் யார்?

அடுத்த வகுப்பு ஜூன் மாதம் தொடங்குகிறது. பணியிலுள்ள நம் இளைஞர்கள் வாரத்தில் ஒரு மாலை வாருங்கள். பாடம் நடத்த வேண்டியதில்லை. கடைசி வரிசையில் வாய் மூடி இருப்பவரின் அருகில் அமர்ந்து, அவர் தம் முதல் கேள்வியைக் கேட்கும்வரை உடனிருங்கள்.