நதிமூலம் கேட்கும் ரூட்டர்

(முன்னாள் மாணவர் சந்திப்பு விழாவில் ஆற்றிய உரை)



"உங்க தொழில்லேர்ந்து பசங்களுக்குப் பயன்படுற மாதிரி ஒண்ணு பேசுங்க. பதினஞ்சு நிமிஷம்தான்" என்று சங்கச் செயலாளர் கண்டிப்பாகச் சொல்லியிருக்கிறார். ஆகவே ஒரே ஒரு கேள்வியைப் பற்றி மட்டும் பேசுகிறேன். "நீ எந்த வழியாக வந்தாய்?" என்பதுதான் அந்தக் கேள்வி. கேட்பது யார் என்றால், ஒரு ரூட்டர். பதில் திருப்தியாக இல்லையென்றால் வந்த பாக்கெட்டை அங்கேயே தூக்கிப் போட்டுவிடும்.

சாதாரணமாக ரூட்டர் இப்படிக் கேட்காது. தபால் பிரிக்கிறவர் போல, "எங்கே போகணும்?" என்று மட்டும் பார்த்து அந்தப் பக்கம் தள்ளிவிடும். யார் அனுப்பினார், எந்தப் பக்கமிருந்து வந்தது என்பதெல்லாம் அதற்குக் கவலையில்லை. மல்டிகாஸ்டில்தான் கதை மாறுகிறது.

மல்டிகாஸ்ட் என்றால் என்ன? ஒரு வீடியோ வினாடிக்கு 4 மெகாபிட் என்று வைத்துக் கொள்ளுங்கள். 40 பேருக்குத் தனித்தனியாக அனுப்பினால் 160 மெகாபிட் வேண்டும். மல்டிகாஸ்டில் ஒரு லைனில் ஒரு பிரதிதான் போகும், அதாவது 4 மெகாபிட். பாதை பிரியும் இடத்தில் ரூட்டரே பிரதி எடுத்துக் கொள்ளும். ஆற்றிலிருந்து வாய்க்கால், வாய்க்காலிலிருந்து கிளை வாய்க்கால் என்று தண்ணீர் பிரிவது போலத்தான்.

இதில் இரண்டு சிக்கல்கள் உண்டு. 224.0.0.0 முதல் 239.255.255.255 வரை உள்ள மல்டிகாஸ்ட் முகவரி ஒரு குழுவின் பெயர். அது எந்த ஊரில் இருக்கிறது என்று கேட்டால் பதில் கிடையாது; கேட்க விரும்புகிறவர்கள் எங்கெங்கே இருக்கிறார்களோ அங்கெல்லாம் இருக்கிறது. இரண்டாவது, பிரதி எடுக்கும் வேலை. மூன்று ரூட்டர்கள் முக்கோணமாக இருந்து, தான் அனுப்பியதே சுற்றித் தன்னிடம் வந்தால், மறுபடி பிரதி, மறுபடி சுற்று. ஊரில் ஒரு வதந்தி கிளம்பின மாதிரி. கொஞ்ச நேரத்தில் லைன் முழுக்க அதுதான் ஓடும்.

இதற்கு வழி சொன்ன கட்டுரை 1978இல் வெளிவந்தது. எழுதியவர்கள் யோகன் தலால், ராபர்ட் மெட்கால்ஃப். தலால் பம்பாய் ஐஐடியில் படித்துவிட்டு ஸ்டான்ஃபோர்டு போனவர். மெட்கால்ஃப், ஈதர்நெட்டை உருவாக்கியவர்களில் ஒருவர். எல்லோருக்கும் அனுப்பும் பிராட்காஸ்டுக்காக அவர்கள் சொன்ன உபாயம், பிறகு மல்டிகாஸ்டுக்கு அடித்தளம் ஆயிற்று. ஸ்டான்ஃபோர்டில் இருந்த ஸ்டீவ் டீரிங், ஐபி மல்டிகாஸ்டை வரையறுத்து 1989இல் ஆர்எஃப்சி 1112 எழுதினார். 1992 மார்ச்சில் சான் டியேகோவில் நடந்த ஐஇடிஎஃப் கூட்டத்தின் பேச்சை 20 இடங்களில் மல்டிகாஸ்ட் வழியே கேட்டார்கள். இன்று பரவலாகப் பயன்படும் பிம் ஸ்பார்ஸ் மோடின் வரையறை 2016இல் வந்த ஆர்எஃப்சி 7761.

அந்த உபாயம் மிக எளிது. மல்டிகாஸ்ட் பாக்கெட் வந்ததும் ரூட்டர் அனுப்பியவரின் முகவரியைப் பார்க்கும். "இந்த ஆளுக்கு நான் ஒரு பாக்கெட் அனுப்புவதானால் எந்த இன்டர்ஃபேஸ் வழியாக அனுப்புவேன்?" என்று தன் ரூட்டிங் டேபிளைப் புரட்டும். அதே இன்டர்ஃபேஸில்தான் வந்திருக்கிறதா, சரி, உள்ளே வா. வேறு வழியில் வந்திருக்கிறதா, போய் வா. இதற்குத்தான் ரிவர்ஸ் பாத் ஃபார்வர்டிங், சுருக்கமாக ஆர்பிஎஃப், என்று பெயர். நதிமூலம், ரிஷிமூலம் கேட்கக் கூடாது என்பார்கள் பெரியவர்கள். ரிஷிமூலத்தை நம் ரூட்டர் கேட்பதில்லை. நதிமூலத்தைக் கேட்காமல் விடுவதில்லை!

இனி நடந்த ஒரு சம்பவத்துக்கு வருகிறேன். நான் வேலை பார்த்த ஒரு நிறுவனத்தில், தலைமை அலுவலகப் பயிற்சி வகுப்பை மல்டிகாஸ்ட் மூலம் கிளைகளுக்கு அனுப்பி வந்தார்கள். ஒரு திங்கட்கிழமை காலை, ஒரே ஒரு கிளையில் மட்டும் திரை கறுப்பு. அங்கே மெயில் போகிறது, பிங் போகிறது, தொலைபேசி பேசுகிறது. படம் மட்டும் இல்லை. சனிக்கிழமைதான் அந்தக் கிளை டெக்னீஷியன் பழைய ஸ்விட்சை எடுத்துவிட்டுப் புதிது மாட்டியிருந்தார். டிப்ளமோ படித்தவர், 18 வருஷ சர்வீஸ், வயதில் என்னைவிட மூத்தவர்.

"பிங் போகுது, அப்ப லைன் நல்லாத்தான் இருக்கு. ஸ்விட்சை மாத்துன ஆள்தான் ஏதோ பண்ணிட்டார்" என்று தலைமை அலுவலகத்தில் தீர்ப்பு எழுதியாகிவிட்டது. விளக்கம் கேட்டு மெமோவும் தயாராகிக் கொண்டிருந்தது. அவர் எனக்குப் போன் செய்து, "சார், பழைய ஸ்விட்சையே திருப்பி மாட்டிடட்டுமா?" என்றார். "வேணாம்ணே, எதையும் தொடாதீங்க. முதல்ல கடைமடையிலேர்ந்து பார்த்துக்கிட்டுப் போவோம்" என்றேன்.

கடைமடைக்குத் தண்ணீர் வரவில்லையென்றால் விவசாயி என்ன செய்வார்? தன் வயலிலிருந்து கிளம்பி, வரப்போடு மேலே மேலே நடப்பார். எந்த மடை அடைபட்டிருக்கிறது என்று பார்ப்பார். மல்டிகாஸ்ட் கோளாறும் அப்படித்தான். கேட்பவரிடமிருந்து அனுப்புகிறவரை நோக்கி நடக்க வேண்டும்.

முதலில் கிளை ரூட்டரில், "இந்தக் குழு எனக்கு வேண்டும்" என்ற ஐஜிஎம்பி கோரிக்கை வந்து சேர்ந்திருக்கிறதா என்று பார்த்தோம். வந்திருந்தது. ஸ்விட்ச் கோரிக்கையை ஒழுங்காகக் கொண்டு போய்ச் சேர்த்திருக்கிறது. அடுத்து, ஷோ ஐபி எம்ரூட். அதில் உள்வரும் இன்டர்ஃபேஸ் 'நல்', ஆர்பிஎஃப் அண்டை ரூட்டர் 0.0.0.0 என்று இருந்தது. அதாவது, மேலே யாரிடம் போய்க் கேட்பது என்றே அந்த ரூட்டருக்குத் தெரியவில்லை. தண்ணீர் ஸ்விட்ச் வரைக்கும் வந்தால்தானே ஸ்விட்சைக் குறை சொல்லலாம்!

ஏன் தெரியவில்லை? அனுப்புகிறவரின் முகவரிக்கு எந்த வழி என்று ரூட்டிங் டேபிளைப் பார்த்தோம். புதிய லைன் என்றது. அதே சனிக்கிழமை இரவு தலைமை அலுவலகத்துக்கும் அந்தக் கிளைக்கும் இடையே வேகமான இரண்டாவது லைன் போட்டிருக்கிறார்கள். ஓஎஸ்பிஎஃப் கணக்கில் அதற்குச் செலவு குறைவு. போக்குவரத்து முழுவதும் அதற்கு மாறிவிட்டது. ஆனால் அந்த லைனில் பிம் இயக்கப்படவில்லை. மெயிலுக்கும் பிங்குக்கும் பிம் தேவையில்லை, அதனால் அவை ஓடின. மல்டிகாஸ்டோ, வழி அந்தப் பக்கம் என்று தெரிந்தும், அங்கே பேச ஆளில்லாமல் நின்றுவிட்டது. பழைய லைனில் பிம் இருந்தும் பயனில்லை, ஏனென்றால் ஆர்பிஎஃப் பார்ப்பது பழைய லைனை இல்லை.

அப்போது ஒருவர், "பழைய லைன் பக்கம் ஒரு ஸ்டாட்டிக் எம்ரூட் போட்டுடுங்க, வேலை முடிஞ்சுடும்" என்றார். போட்டால் படம் வந்திருக்கும். மாதக் கடைசியில் பழைய லைனைத் திருப்பிக் கொடுப்பதாக ஏற்பாடு. அன்றைக்கு மறுபடி திரை கறுத்திருக்கும், மறுபடி யாராவது ஒரு டெக்னீஷியன் மாட்டியிருப்பார். எம்ரூட் கூடாது என்று நான் சொல்லவில்லை. யூனிகாஸ்ட் ஒரு வழியிலும் மல்டிகாஸ்ட் வேறு வழியிலும் போக வேண்டும் என்று திட்டமிட்டே அமைக்கும்போது அதுதான் சரியான கருவி. காரணம் தெரியாதபோது போட்டால் காயத்தின் மேல் வெறும் பிளாஸ்திரி. புதிய லைனின் இரு முனையிலும் பிம்மை இயக்கினோம். ஒரு நிமிஷத்துக்குள் படம் வந்தது. மெமோ கையெழுத்தாகாமலே நின்றது.

மாணவர்கள் குறித்துக் கொள்ள நான்கு விஷயங்கள்.

ஒன்று, ஸ்பார்ஸ் மோடில் மூலம் இரண்டு: அனுப்புகிறவர் ஒன்று, எல்லோரும் முதலில் வந்து சேரும் ரெண்டேவூ பாயின்ட் ஒன்று. இரண்டின் முகவரிக்கும் ஷோ ஐபி ஆர்பிஎஃப் போட்டுப் பாருங்கள். பலர் இரண்டாவதை மறந்துவிடுகிறார்கள்.

இரண்டு, ஆர்பிஎஃப் தோல்விக் கணக்கை ஒரு தடவை பார்த்து முடிவு செய்யாதீர்கள். பத்து வினாடி விட்டு மறுபடி பாருங்கள். வேகமாக ஏறினால், பாக்கெட் வருகிறது, ஆனால் தவறான வாசலில் வருகிறது என்று அர்த்தம். எங்கள் கிளையில் இருந்தது போல ஏறவும் இல்லை, படமும் இல்லை என்றால், கோரிக்கையே மேலே போகவில்லையா என்று பாருங்கள். ஒரே லேனில் இரண்டு ரூட்டர்கள் இருந்தால் சில பாக்கெட்டுகள் விழுவது இயல்புதான்.

மூன்று, எல்லாப் பழியையும் ஆர்பிஎஃப் மேல் போடாதீர்கள். பல புரோகிராம்கள் தாமாக மல்டிகாஸ்டை டிடிஎல் 1 என்றே அனுப்பும். அது முதல் ரூட்டரைத் தாண்டாது.

நான்கு, "பிங் போகுது" என்ற வார்த்தையை மல்டிகாஸ்ட் விசாரணையில் சாட்சியாக ஏற்காதீர்கள். சமயத்தில் அது ஒரு நிரபராதியை மாட்டிவிடும்.

இதையெல்லாம் பழக விலை உயர்ந்த கருவி எதுவும் வேண்டாம். எஃப்ஆர்ரூட்டிங் என்ற இலவச மென்பொருளைக் கொண்டு ஒரு சாதாரணக் கம்ப்யூட்டரிலேயே மூன்று ரூட்டர்களை முக்கோணமாக அமைக்கலாம். ஒரு பக்கத்தில் பிம்மை நிறுத்திவிட்டு, அந்தப் பக்கத்தின் செலவைக் குறைத்துப் பாருங்கள். நான் இவ்வளவு நேரம் சொன்னதை அது பத்து நிமிஷத்தில் காட்டிவிடும். நமது ஆய்வகத்தில் இதை அமைக்க விரும்பும் மாணவர்கள் விழா முடிந்ததும் என்னைச் சந்தியுங்கள்; ஒரு நாள் வந்து கூட இருந்து செய்து தருகிறேன்.