விளையாட்டே தொழிலாக

தமிழ் இலக்கியத்துக்குப் பந்தாடும் பெண் புதியவள் அல்லள். திரிகூடராசப்பக் கவிராயர் தம் குற்றாலக் குறவஞ்சியில் வசந்தவல்லி பந்தாடும் அழகை விரித்துரைக்கிறார். அம்மானையும் கழங்கும் ஊசலும் மகளிர்க்குரிய ஆடல்களாக நம் நூல்களில் இடம்பெற்றுள்ளன. ஆயினும் இவை யாவும் பொழுதுபோக்குகளே. பந்தாடியதற்காக வசந்தவல்லிக்கு எவரும் ஊதியம் வழங்கவில்லை. மறுபுறம், ஆடலையே தொழிலாகக் கொண்டு வாழ்ந்த பெண்களும் சங்க காலத்தில் இருந்தனர். விறலியர் பாணரோடு ஊரூராகச் சென்று, ஆடியும் பாடியும் பரிசில் பெற்றனர். ஆக, பெண் பந்தாடுவதும் பழையது. பெண் தன் ஆடற்றிறத்தால் வாழ்வதும் பழையது. பந்தாடியே ஒரு பெண் தன் வாழ்வை நடத்தலாம் என்பதுதான் புதியது. அந்தப் புதுமை இலங்கையில் வேரூன்றிய வகையை அறிய விரும்புவோர், சமரி அத்தபத்து என்னும் கிரிக்கெட் வீராங்கனையின் வாழ்வை நோக்குதல் வேண்டும்.

கொழும்பு நகரத்துத் தமிழ் மக்களுக்குக் கிரிக்கெட் அயலான ஆட்டம் அன்று. வெள்ளவத்தையில் கடலை நோக்கி இறங்கும் ஒழுங்கைகளிலும், கொட்டாஞ்சேனையின் நெருக்கமான தெருக்களிலும், பாடசாலை விட்ட மாலை வேளையில் சிறுவர்கள் மட்டையும் பந்துமாகக் கூடிவிடுவார்கள். தங்கைமார் சிலரும் அவர்களோடு பந்தெறிவதுண்டு. பத்து, பன்னிரண்டு வயதுவரை எவரும் அதைத் தடுப்பதில்லை. "இனி நீ பெரியபிள்ளை" என்ற சொல் வீட்டில் எழுந்ததும் அந்த ஆட்டம் முடிவடைகிறது. அதற்குமேலும் ஆசையை விடாத பெண்ணை நோக்கி மற்றொரு கேள்வி எழுகிறது: "விளையாட்டுச் சோறு போடுமா?" இக்கேள்வியைப் பெற்றோரின் குறுகிய மனம் என்று தள்ளிவிடுவது எளிது. ஆனால் அது நியாயமான கேள்வி. நெடுங்காலமாக அதற்குத் தக்க விடை இந்நாட்டில் இருக்கவில்லை.

விடை இல்லாத அக்காலத்திலும் ஆடிய பெண்கள் இருந்தனர். வெள்ளவத்தைக்கு அண்மையில், ஹவ்லொக் பூங்காவை ஒட்டியுள்ள கோல்ட்ஸ் கழக மைதானத்தில், 1998ஆம் ஆண்டு ஏப்ரல் 17ஆந் திகதி தொடங்கிய டெஸ்ட் ஆட்டத்தில் இலங்கைப் பெண்கள் பாகிஸ்தானைச் சந்தித்தனர். இலங்கை மகளிர் அணி உலகக் கிண்ணப் போட்டியில் முதன்முதலாகக் கலந்துகொண்டு சில மாதங்களே ஆகியிருந்தன. டெஸ்ட் ஆட்டமோ பதினொருவருக்கும் அதுவே முதலாவது. அன்று சமனி செனவிரத்ன ஆட்டமிழக்காமல் 105 ஓட்டங்கள் குவித்தார்; பந்துவீச்சிலும் விக்கெட்டுகளை வீழ்த்தினார். இலங்கை 309 ஓட்டங்களால் வென்றது. முதல் டெஸ்ட் ஆட்டத்திலேயே இத்துணைப் பெரிய வெற்றி பெற்ற அணிக்கு அடுத்த ஆட்டம் எப்போது என்று கேட்கத் தோன்றும். 2025ஆம் ஆண்டு முடியும்வரையும் அந்த அடுத்த ஆட்டம் வரவில்லை. இலங்கைப் பெண்கள் ஆடிய ஒரே டெஸ்ட் அதுவாகவே இருந்தது.

திறமை இருந்தும் தொழில் அமையாத நிலைக்கு இதனினும் தெளிவான சான்று வேண்டியதில்லை. அக்கால வீராங்கனைகள் வேலைக்குப் போய்வந்து எஞ்சிய நேரத்தில் பயின்றனர். பின்னர் தரைப்படை, கடற்படை, விமானப்படை ஆகியவற்றின் கழகங்கள் கிரிக்கெட் ஆடும் பெண்கள் பலருக்கு உத்தியோகமும் பயிற்சியும் அளித்து, இந்த ஆட்டம் அழியாமல் காத்தன. சமனி செனவிரத்னவோ, இருபது ஆண்டுகளுக்குப் பின், 2018இல், ஐக்கிய அரபு இராச்சியத்தின் அணிக்காக ஆடினார். பிழைப்புத் தேடிக் கடல் கடந்தோர் பலர். பந்தையும் உடன் கொண்டு சென்றவர் அவர்.

குருணாகல் மாவட்டத்தில் 1990ஆம் ஆண்டு பிறந்த சமரி அத்தபத்து இந்தச் சூழலிலேதான் ஆட்டத்துக்கு வந்தார். இடக்கையால் துடுப்பாடும் அவர், 2009இல் இருபது ஓவர் ஆட்டத்திலும், 2010இல் ஒருநாள் ஆட்டத்திலும் நாட்டுக்காகக் களமிறங்கினார். கொழும்பிற் பிறந்த சசிகலா சிறிவர்தனவின் தலைமையில், 2013இல் மும்பையில் நடைபெற்ற உலகக் கிண்ணப் போட்டியிலும் ஆடினார். அங்கே பிரேபோர்ன் மைதானத்தில், ஜனவரி 31ஆந் திகதி, சென்னையைச் சேர்ந்த திருஷ் காமினி, உலகக் கிண்ணப் போட்டியில் சதமடித்த முதலாவது இந்தியப் பெண் என்னும் பெயரைப் பெற்றார். மறுநாள் அதே மைதானத்தில் இலங்கை, நடப்பு வெற்றியாளரான இங்கிலாந்தைக் கடைசிப் பந்தில், ஒரு விக்கெட்டினால் வென்றது. டிலானி மனோதரா அக்கடைசிப் பந்தை ஆறு ஓட்டத்துக்கு அனுப்பினார். அடுத்த சில நாட்களில் இந்தியாவும் இலங்கையிடம் தோற்றது. எனினும் வெற்றிகள் வருவதும் போவதுமாக இருந்தன; வீராங்கனைகளின் வாழ்க்கை நிலை பெரிதும் மாறவில்லை.

மாற்றம் ஒரு தோல்வியிலிருந்து தொடங்கியது. 2017ஆம் ஆண்டு ஜூன் 29ஆந் திகதி, இங்கிலாந்தின் பிரிஸ்டல் நகரில், அவுஸ்திரேலியாவுக்கு எதிரான உலகக் கிண்ண ஆட்டத்தில் சமரி 143 பந்துகளில் ஆட்டமிழக்காமல் 178 ஓட்டங்கள் பெற்றார். அணியின் மொத்தம் 257. ஏனையோர் அனைவரின் ஓட்டங்களும் உதிரிகளும் சேர்ந்து 79 மட்டுமே என்றால், அன்று அவர் சுமந்த பாரம் விளங்கும். அவுஸ்திரேலியத் தலைவி மெக் லானிங் 152 ஓட்டங்கள் பெற, அவ்வணி எட்டு விக்கெட்டுகளால் வென்றது. ஆட்டம் கைநழுவிப் போயிற்று. ஆனால் ஆடியவரை உலகம் அறிந்துகொண்டது. அவுஸ்திரேலியாவின் மெல்பேண் அணியும், பின்னர் இங்கிலாந்தின் யோர்க்‌ஷயர் அணியும் அவரை அழைத்தன. வெளிநாட்டு அணிகளுக்குக் கூலிபெற்று ஆடும் வாய்ப்பு இலங்கைப் பெண்ணொருவருக்கு வாய்த்தது அப்போதுதான்.

இத்தொழிலின் தன்மையை ஈண்டுச் சற்று விளக்குதல் தகும். நகரங்களின் பெயரால் அமைந்த அணிகள், பல நாட்டு வீராங்கனைகளை ஒரு பருவத்துக்கு விலைபேசி அமர்த்துகின்றன. அவுஸ்திரேலியாவில் 2015இல் தொடங்கிய இம்முறை, 2023இல் இந்தியாவில் பேரளவில் நடைமுறைக்கு வந்தது. அந்த முதலாண்டு ஏலத்தில் இந்தியாவின் ஸ்மிருதி மந்தானா 3 கோடியே 40 லட்சம் ரூபாய்க்கு எடுக்கப்பட்டார். அதே ஏலத்தில் சமரி அத்தபத்துவை எவரும் எடுக்கவில்லை! அவ்வாண்டில் அவுஸ்திரேலிய அணிகள் வீராங்கனைகளைத் தெரிவு செய்தபோதும் அவர் பெயர் விடுபட்டது. பின்னர், வேறொருவருக்குப் பதிலாகவே சிட்னி தண்டர் அணியில் இடம் கிடைத்தது. பதிலாக வந்தவர் ஐந்நூறுக்கும் மேற்பட்ட ஓட்டங்கள் குவித்து, அத்தொடரின் தலைசிறந்த வீராங்கனையாகத் தெரிவானார். தொழிலாகிவிட்ட விளையாட்டில் புகழும் விலையும் எப்போதும் ஒத்துப்போவதில்லை. பெரிய சந்தையுள்ள நாட்டில் பிறப்பதும் ஒரு முதலாகிறது.

அவ்வாண்டும் அடுத்த ஆண்டும் சமரியின் பொற்காலம் எனலாம். 2023இல் காலியில் நியூசிலாந்துக்கு எதிரான தொடரில் இரண்டு சதங்கள் அடித்தார். இலங்கை அத்தொடரை வென்றது. அவர் ஒருநாள் துடுப்பாட்ட வரிசையில் உலகின் முதலிடத்தை அடைந்தார். இலங்கைப் பெண் ஒருவர் அவ்விடத்தை எட்டியது அதுவே முதன்முறை. 2024 ஏப்ரலில் தென்னாபிரிக்காவில், 302 ஓட்டங்கள் என்ற இலக்கை இலங்கை எட்டியபோது, அவர் ஆட்டமிழக்காமல் 195 ஓட்டங்கள் பெற்றிருந்தார். மகளிர் ஒருநாள் ஆட்டங்களில் அந்நாள்வரை அத்துணைப் பெரிய இலக்கை எந்த அணியும் துரத்தி வென்றதில்லை. அதே ஆண்டு ஜூலை 28ஆந் திகதி, தம்புள்ளையில், ஆசியக் கிண்ண இறுதியாட்டத்தில் இலங்கை இந்தியாவை எட்டு விக்கெட்டுகளால் வென்றது. சமரி 61 ஓட்டங்கள் பெற்று அடித்தளமிட, ஹர்ஷிதா சமரவிக்ரம ஆட்டமிழக்காமல் 69 ஓட்டங்கள் பெற்று ஆட்டத்தை முடித்துவைத்தார். பிரிஸ்டலில் தனியாகப் பாரஞ்சுமந்தவருக்குத் தம்புள்ளையில் தோள்கொடுக்க ஓர் இளையவர் இருந்தார் என்பதே அந்த வெற்றியின் சிறப்பு.

2025இல் உலகக் கிண்ண ஆட்டங்கள் கொழும்புக்கே வந்தன. கொட்டாஞ்சேனைக்குத் தொலைவில்லாத கெத்தாராமை மைதானத்தில், சமரியின் தலைமையில் இலங்கைப் பெண்கள் ஆடினர். ஒக்டோபர் மழை பல ஆட்டங்களைக் கெடுத்தது. ஆயினும் அந்தத் தொடரில், ஒருநாள் ஆட்டங்களில் 4000 ஓட்டங்களைக் கடந்த முதலாவது இலங்கைப் பெண்ணாக அவர் விளங்கினார். அப்போட்டிக்கு ஒதுக்கப்பட்ட பரிசுத்தொகை ஒரு கோடியே 38 லட்சத்து 80 ஆயிரம் டொலர். 2023இல் ஆண்களின் உலகக் கிண்ணத்துக்கு ஒதுக்கப்பட்ட ஒரு கோடி டொலரையும் இது விஞ்சியது. கோல்ட்ஸ் மைதானத்திலிருந்து கெத்தாராமைக்குச் சில கல் தொலைவுதான். அத்தொலைவைக் கடக்க இருபத்தேழு ஆண்டுகள் ஆயின.

எனினும், ஒருவர் உச்சியை அடைந்தமையால் வழி அகன்றுவிட்டதாகக் கொள்ளலாகாது. அவுஸ்திரேலியாவிலும் இந்தியாவிலும் உள்ளதுபோன்ற மகளிர் தொழில்முறைத் தொடர் ஒன்று 2025 முடியும்வரை இலங்கையில் அமையவில்லை. நாட்டு அணியில் இடம்பெறும் சிலருக்கே ஆட்டம் முழுநேரத் தொழில். அவ்வணியின் வாசலிலே நிற்கும் பெண்ணுக்கு, படைக்கழகத்து உத்தியோகமோ வேறு வேலையோதான் துணை. ஆகவே, ஆசை கொண்ட மகளைப் பெற்றவர்கள் அவள் படிப்பைக் கைவிடச் செய்தல் தகாது. அதைப்போலவே, வயது வந்துவிட்டது என்ற ஒரே காரணத்துக்காக மட்டையைப் பறித்தலும் தகாது. பன்னிரண்டு வயதில் நிறுத்தப்பட்ட கைக்குப் பின்னொருநாள் எந்த அழைப்பும் வரப்போவதில்லை. 2023 முதல் பத்தொன்பது வயதுக்குட்பட்ட பெண்களுக்கும் உலகக் கிண்ணம் நடைபெறுகிறது. அதற்கான பயிற்சி பாடசாலை மைதானத்திலேயே தொடங்க வேண்டும்.

"விளையாட்டுச் சோறு போடுமா?" என்று வெள்ளவத்தையிலும் கொட்டாஞ்சேனையிலும் கேட்கும் பெற்றோருக்கு இன்று ஒரு விடை உண்டு. சிலருக்குப் போடும், பலருக்கு இன்னும் போடாது. அந்தச் சிலரைப் பலராக்கும் பொறுப்பு பெண்பிள்ளையின் கைத்திறனை மட்டும் சார்ந்ததன்று. மைதானத்தைத் திறந்துவிடும் பாடசாலைக்கும், ஊதியம் வழங்கும் கழகத்துக்கும், பார்வையாளர் வரிசையில் வந்து அமரும் பொதுமக்களுக்கும் அதிலே பங்குண்டு.