நான் அழித்த டைரக்டரி
(முன்னாள் மாணவர் சந்திப்பில் ஆற்றிய உரை)



சாதித்ததைப் பற்றிப் பேசச் சொன்னார்கள். நான் அழித்ததைப் பற்றிப் பேசுகிறேன். தம்பிகளுக்கு அதுதான் உபயோகப்படும்.

இறுதியாண்டு. ப்ராஜெக்ட் சமர்ப்பிக்க நான்கே நாள். லேபில் எல்லோருக்கும் பொதுவாக ஒரு லினக்ஸ் சர்வர். எங்கள் மூவரின் புரோகிராம், ரிப்போர்ட் எல்லாம் அதில் ஒரே டைரக்டரியில். உள்ளே 'ஓல்டு1', 'ஓல்டு2' என்று பழைய டைரக்டரிகள் வேறு. சுத்தம் செய்யலாம் என்று உட்கார்ந்தேன்.

முதலில் 'ஆர்.எம்.டி.ஐ.ஆர்.' கட்டளையைக் கொடுத்தேன். காலி டைரக்டரியை மட்டுமே அது நீக்கும், எனவே மறுத்துவிட்டது. பக்கத்து சீட் நண்பன், "'ஆர்.எம்.' போட்டு 'மைனஸ் ஆர்' கொடுடா, உள்ள இருக்கிறதோட போயிடும்" என்றான்.

'ஓல்டு' என்று அடித்து, ஒட்டினாற்போல் நட்சத்திரக் குறி போட்டிருக்க வேண்டும். 'ஓல்டு' என்று தொடங்குபவை எல்லாம் என்று அதற்குப் பொருள். நான் நடுவே ஓர் இடைவெளி விட்டுவிட்டேன். தனியாக நிற்கும் நட்சத்திரத்துக்கு, 'இங்கே இருப்பவை எல்லாம்' என்று பொருள். 'ஓல்டு' என்ற பெயரில் எதுவும் இல்லை என்று ஒரு வரி வந்தது. மற்ற எல்லாம் போயிருந்தன. 'நிச்சயமா?' என்றுகூடக் கேட்கவில்லை. இந்தக் கட்டளைக்குக் குப்பைத்தொட்டியும் கிடையாது.

அடுத்த தப்பு அதைவிடப் பெரிது. பயத்தில் அரைமணி நேரம் யாரிடமும் சொல்லவில்லை. கடைசியில் சொன்னபோது லேப் அண்ணன் தலையில் கை வைத்துக்கொண்டார். "அப்பவே சொல்லியிருந்தா மெஷினை நிறுத்தியிருப்பேனே தம்பி!" ஃபைலை அழித்ததும் ஹார்ட் டிஸ்கில் அது இருந்த இடம் 'காலி' என்று குறிக்கப்படுகிறது, அவ்வளவுதான். அதன்மேல் வேறொன்று எழுதப்படும்வரை மீட்கக் கொஞ்சம் வாய்ப்பு உண்டு. அந்த அரைமணியில் லேபில் இருந்த அத்தனை பேரும் அதே சர்வரில் எழுதிக்கொண்டிருந்தார்கள்.

ப்ரின்ட் எடுத்து வைத்திருந்த தாள்களைப் பார்த்து மூன்று இரவு மறுபடி டைப் செய்தோம். அந்த இரண்டு நண்பர்களும் இதோ மூன்றாவது வரிசையில் சிரிக்கிறார்கள். அன்று ஒரு வாரம் என்னோடு பேசவில்லை.

பெரிய இடத்திலும் இது நடந்திருக்கிறது. 1998இல் பிக்ஸாரில் 'டாய் ஸ்டோரி 2' படத்தின் பெரும்பகுதி இதே 'ஆர்.எம்.' கட்டளையால் அழிந்தது. பேக்கப்பும் கைவிட்டது. கைக்குழந்தையோடு வீட்டிலிருந்து வேலை பார்த்த கேலின் சஸ்மனின் கணினியில் இருந்த பிரதிதான் காப்பாற்றியது.

தம்பி தங்கைகளே, அழிக்குமுன் 'பி.டபிள்யூ.டி.' கொடுத்து எங்கே நிற்கிறீர்கள் என்று பாருங்கள். அழிக்க நினைக்கும் பெயரை முதலில் 'எல்.எஸ்.'ஸுக்குக் கொடுங்கள், எவையெல்லாம் போகும் என்று அது காட்டிவிடும். 'மைனஸ் ஐ' சேர்த்தால் ஒவ்வொன்றுக்கும் கேட்டுத்தான் அழிக்கும். 'மைனஸ் எஃப்' கேட்கவே கேட்காது, அதைப் பழக்கமாக்காதீர்கள். வேறொரு கணினியில் பிரதி அவசியம்.

இன்று என்னிடம் வேலைக்குச் சேரும் பிள்ளைகளுக்கு முதல் நாளே சொல்லிவிடுவேன்: "தெரியாம அழிச்சா திட்ட மாட்டேன். உடனே வந்து சொல்லணும்."