ஒரு மாத உதவியா, பத்தாண்டுத் துணையா?



கி.பி. 624ஆம் ஆண்டு. பத்ருப் போர் முடிந்து ஏறத்தாழ 70 பேர் மதீனா நகருக்குக் கைதிகளாகக் கொண்டுவரப்பட்டனர். வசதி படைத்தவர்கள் மீட்புப் பணம் கட்டி விடுதலை பெற்றார்கள். பணம் இல்லாத, ஆனால் எழுதப் படிக்கத் தெரிந்த கைதிகளுக்கு வேறொரு வழி சொல்லப்பட்டது. ஆளுக்குப் பத்துச் சிறுவர்களுக்கு எழுத்துக் கற்றுக்கொடுத்தால் போதும். அதையே மீட்புப் பணமாக நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் ஏற்றுக்கொண்டார்கள் என்று இஸ்லாமிய வரலாறு கூறுகிறது. அன்று மதீனா செல்வம் கொழித்த ஊர் அன்று. பணத்தின் தேவை மிகுந்திருந்த நேரத்திலும் பிள்ளைகளின் எழுத்தறிவு பணத்துக்குச் சமமாக எண்ணப்பட்டது. ஏழைப் பிள்ளைகளின் கல்விக்கு இஸ்லாமியக் கொடை எப்படிக் கைகொடுக்கலாம் என்ற இன்றைய பேச்சுக்கு இதைவிட நல்ல தொடக்கம் இல்லை.

நோன்பு மாதம் வந்தால் சிங்கப்பூர் முஸ்லிம்களின் கைகள் தாராளமாகத் திறக்கும். பள்ளிவாசல்களில் கஞ்சி கொதிக்கும். அரிசி, எண்ணெய், மாவு நிறைந்த பைகள் வாடகை வீடுகளின் வாசலுக்குப் போய்ச் சேரும். பெருநாள் காலையில் பிள்ளைகளின் கைகளில் பச்சை நிற அன்பளிப்பு உறைகள் இருக்கும். இவை எல்லாம் நல்ல செயல்கள்தாம். ஆனால் அரிசிப் பை இரண்டு வாரத்தில் காலியாகிவிடும். ஒரு பிள்ளையின் பள்ளிப் படிப்போ பத்து ஆண்டுகள் நீடிக்கும். நோன்பு மாதத்தில் பெருகி மற்ற பதினொரு மாதங்களில் வற்றிப்போகும் உதவியால் ஒரு பிள்ளையைக் கரை சேர்க்க முடியுமா? இதுதான் கேள்வி.

“பள்ளிக் கட்டணம், பாடநூல், சீருடை எல்லாவற்றுக்கும் கல்வி அமைச்சின் நிதி உதவித் திட்டம் இருக்கிறதே, பிறகு என்ன குறை?” என்று சிலர் கேட்பார்கள். நியாயமான கேள்விதான். ஓரறை வாடகை வீடு ஒன்றை மனத்தில் கொண்டுவந்து பாருங்கள். தந்தை நோயாளி. தாய்க்கு இரவு நேரத் துப்புரவு வேலை. பிள்ளைகள் மூவர். மூத்தவள் உயர்நிலை இரண்டில் படிக்கிறாள். பள்ளிக் கட்டணம் அவளுக்குச் சுமையில்லை. ஆனால் தம்பிக்குக் காய்ச்சல் என்றால் பள்ளிக்கு விடுப்பு எடுப்பவள் அவள்தான். கணக்கில் சந்தேகம் வந்தால் கேட்க ஆளில்லை. புத்தகத்தை விரித்து உட்கார ஒரு மூலைகூட இல்லை. கொவிட்-19 கிருமித்தொற்றால் 2020 ஏப்ரல் மாதத்தில் எல்லாப் பள்ளிகளும் வீட்டில் இருந்தபடி கற்கும் முறைக்கு மாறியபோது, இத்தகைய வீடுகளின் நிலை பலருக்கும் தெரியவந்தது. ஒரு கணினி, மூன்று பிள்ளைகள். ஒருவர் படித்தால் மற்ற இருவர் காத்திருக்க வேண்டும்.

இப்படிப்பட்ட பிள்ளை ஒரே நாளில் படிப்பை விட்டுவிடுவதில்லை. இந்தத் தவணை ஒரு பாடத்தில் பின்தங்கும். அடுத்த தவணை இரண்டு பாடங்களில். பிறகு பள்ளிக்குப் போகவே மனம் வராது. ஆகவே அங்கே தேவைப்படுவது ஒருமுறை தரப்படும் பெரிய தொகை அன்று. விடாமல் வரும் துணை.

அத்தகைய துணைக்கு இஸ்லாமிய மரபிலேயே வழிகள் இருக்கின்றன. முதலாவது ஸக்காத். நிஸாப் எனப்படும் குறைந்தபட்ச அளவை எட்டிய சேமிப்பு ஒரு சந்திர ஆண்டு முழுவதும் கையில் இருந்தால், அதில் 2.5 விழுக்காட்டைக் கொடுப்பது கடமை. சிங்கப்பூரில் இந்த நிஸாப் 86 கிராம் தங்கத்தின் விலையைக் கொண்டு கணக்கிடப்படுகிறது. ஒருவரின் வங்கிக் கணக்கில் அந்த ஆண்டு முழுவதும் 40,000 வெள்ளிக்குக் குறையாமல் இருந்தது என்று வைத்துக்கொண்டால், அவர் கொடுக்க வேண்டியது 1,000 வெள்ளி. மாதத்துக்கு ஏறத்தாழ 83 வெள்ளி.

ஸக்காத் பெறத் தகுதியுள்ளவர்கள் எட்டு வகையினர் என்று திருக்குர்ஆன் வரையறுத்துள்ளது. முதல் இரு வகையினர் பரம ஏழைகளும் வறியவர்களும். ஸக்காத் என்றால் உணவுக்கும் உடைக்கும் மட்டுமே என்று எண்ணுவோர் இன்றும் உள்ளனர். ஏழைக் குடும்பத்துப் பிள்ளையும் அந்த முதல் இரு வகைக்குள் அடங்கும் அல்லவா? வயிற்றுப் பசிக்குக் கொடுப்பது இன்றைய வறுமையைத் தணிக்கும். படிப்புக்குக் கொடுப்பது, அந்தப் பிள்ளை நாளை ஸக்காத் வாங்கும் நிலையிலிருந்து கொடுக்கும் நிலைக்கு உயர வழி செய்யும்.

இரண்டாவது, சிறு துளி பெருவெள்ளம் என்ற வழி. சிங்கப்பூர் முஸ்லிம்களுக்கு இது புதிதன்று. 1975ஆம் ஆண்டில் பள்ளிவாசல் கட்டட நிதி தொடங்கப்பட்டபோது, முஸ்லிம் ஊழியர்களின் சம்பளத்திலிருந்து மத்திய சேமநிதி வழியாக மாதம் 50 காசு பிடிக்கப்பட்டது. அந்தக் காசுகள் சேர்ந்து, 1977இல் தோ பாயோவில் முஹாஜிரின் பள்ளிவாசல் எழுந்தது. 1980ஆம் ஆண்டு மக்கள்தொகைக் கணக்கெடுப்பு, மலாய்ச் சமூகம் கல்வியில் பின்தங்கியிருந்ததைக் காட்டியது. அதன் பிறகு 1982இல் மெண்டாக்கி அமைப்பு உருவானது. பள்ளிவாசல் கட்டிய அதே மாதச் சந்தா முறை, பிள்ளைகளின் துணைப்பாடத்துக்கும் கல்வி உதவிக்கும் கைகொடுக்கத் தொடங்கியது. 2016இல் திருத்தப்பட்ட விகிதத்தின்படி, சம்பளத்தைப் பொறுத்து மாதம் 3 வெள்ளி முதல் 26 வெள்ளி வரை செலுத்தப்படுகிறது. மூன்று வெள்ளி என்பது சிறு தொகை. ஆனால் 10,000 பேர் மாதந்தோறும் மூன்று வெள்ளி கொடுத்தால் ஆண்டுக்கு 360,000 வெள்ளி சேரும். நோன்பு மாதத்தில் மட்டுமன்றி எல்லா மாதங்களிலும் வரும் என்பதே இதன் பலம்.

மூன்றாவது வக்ஃப். முதலைத் தொடாமல், அதிலிருந்து வரும் வருமானத்தை மட்டும் அறச்செயலுக்குச் செலவிடும் ஏற்பாடு இது. மொரோக்கோவின் ஃபெஸ் நகரில் 859ஆம் ஆண்டில் பாத்திமா அல்-ஃபிஹ்ரி என்ற பெண்மணி, தந்தை விட்டுச்சென்ற செல்வத்தைக் கொண்டு அல்-கராவிய்யீன் பள்ளிவாசலை அமைத்தார் என்பது வழிவழிச் செய்தி. அங்கே வளர்ந்த கல்விக்கூடம் வக்ஃப் சொத்துகளின் வருமானத்தால் பல நூற்றாண்டுகள் தழைத்தது. அதற்குப் பெரும் செல்வம் வேண்டுமே என்று மலைக்க வேண்டாம். சிங்கப்பூர் இஸ்லாமிய சமய மன்றமான முயிஸ் 2012இல் தொடங்கிய வக்காஃப் இல்மு, சமயக் கல்விக்காகச் சாதாரண மக்களும் ரொக்கமாகக் கொடுக்கக்கூடிய வக்ஃப்.

செல்வந்தர்கள் கொடுத்தால்தான் பள்ளிக்கூடம் நடக்கும் என்பதில்லை. அதற்குச் சிங்கப்பூர்த் தமிழர்களே சாட்சி. கடையநல்லூரிலிருந்து வந்து தஞ்சோங் பகார் வட்டாரத்தில் குடியேறிய தமிழ் முஸ்லிம்களில் பலர் துறைமுகத்தில் உடலுழைப்பால் பிழைத்தவர்கள். 1941இல் அவர்கள் அமைத்த சிங்கப்பூர்க் கடையநல்லூர் முஸ்லிம் லீக், போர் முடிந்த மறு ஆண்டான 1946இல் ஒரு தமிழ்ப் பள்ளியைத் தொடங்கியது. அதற்குச் சீறாப்புராணம் பாடிய உமறுப் புலவரின் பெயரைச் சூட்டியது. 1960இல் அது உயர்நிலைப்பள்ளியாக வளர்ந்தது. தமிழில் உயர்நிலைக் கல்வி அளித்த அந்தப் பள்ளியில் பல சமயத்துத் தமிழ்ப் பிள்ளைகளும் படித்தார்கள். 1982இல் பள்ளி மூடப்பட்டது. ஆயினும் 1983இல் உருவான தமிழ் மொழி நிலையம் அந்தப் பெயரை இன்றும் தாங்கி நிற்கிறது. உமறுப் புலவரையே ஆதரித்து வாழவைத்தவர் கீழக்கரை வள்ளல் சீதக்காதி. ஒரு வள்ளலின் கொடை ஒரு புலவரைத் தந்தது. அந்தப் புலவரின் பெயரில் உழைப்பாளிகள் பிள்ளைகளுக்குப் படிப்பைத் தந்தார்கள்.

கொடுப்பதைப் போலவே, கொடுக்கும் முறையும் முக்கியம். உதவிப் பொருளைப் பெறும் பிள்ளையை மேடையில் நிற்கவைத்துப் படம் எடுத்தால், மறுநாள் வகுப்பில் அந்தப் பிள்ளை தலைகுனிந்து நிற்கும். மறைவாகக் கொடுக்கும் தர்மத்துக்கு இஸ்லாம் உயர்ந்த இடம் தந்திருப்பது இதனால்தான் போலும். கேட்கக் கூச்சப்படும் குடும்பங்களும் உண்டு. படிவம் நிரப்பத் தெரியாமல், சம்பளச் சீட்டு இல்லாமல் ஒதுங்கிவிடுகிறவர்களும் உண்டு. அடுத்த வீட்டில் அப்படி ஒரு தாய் இருந்தால், அவருடன் பள்ளிவாசலின் ஸக்காத் முகப்புக்கோ மெண்டாக்கி அலுவலகத்துக்கோ துணைக்குப் போவதும் ஒரு சதக்காதான். அதற்கு ஒரு காசும் செலவில்லை.

நிறைவாக, கொடுக்கப் பணம் இல்லையே என்று வருந்துகிறவர்களுக்கு ஒரு சொல். பலதுறைத் தொழிற்கல்லூரியில் படிக்கும் இளையர், ஓய்வுபெற்ற ஆசிரியர், கணக்கில் கெட்டிக்காரரான ஓர் இல்லத்தரசி, இவர்களில் எவரும் வாரத்தில் இரண்டு மணி நேரத்தைத் துணைப்பாட வகுப்புக்குக் கொடுக்கலாம். உயர்நிலை இரண்டில் படிக்கும் அந்த மூத்த மகளுக்குச் சந்தேகம் கேட்க ஓர் ஆள் கிடைத்துவிடும். பத்ருக் கைதிகளிடமும் பணம் இல்லை, எழுத்து இருந்தது. அவர்கள் பத்துப் பேருக்குக் கற்றுக்கொடுத்தார்கள். இந்த வாரம் ஒரு பிள்ளையிலிருந்து தொடங்கலாம்.